எந்தச் சாமிக்கு அந்த ஆடு

திண்டுக்கல்லில் எனக்கு வீடு கொடுத்தவர்கள் என்னிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "சாமி கும்பிடுற பழக்கம் உண்டா?" அவ்வளவாகக் கிடையாது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மாடி அறையைக் காட்ட அழைத்துப் போன அவர் மனைவி, படிக்கட்டில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சாமியே கும்பிடாத ஆளா நீங்க?" அப்படியெல்லாம் இல்லையம்மா என்றேன். அவர் முகமும் மலர்ந்தது. இரண்டு பதிலும் உண்மைதான். கடவுள் உண்டா இல்லையா என்பதை மனிதனால் அறிய முடியாது என்று சொல்லும் கொள்கைக்கு அறியொணாவாதம் என்று பெயர். வாடகைக்கு அறை தேடுகிற கல்யாணமாகாதவனுக்கு அதைவிட வசதியான கொள்கை உலகத்து மதங்கள் எதிலும் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஊரிலிருந்த ஒரு கல்லூரியில் நான் சரித்திர டியூட்டர். மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய வகுப்புகளை எடுப்பவருக்குப் பெயர் டியூட்டர். அப்படித் தள்ளப்பட்டு என்னிடம் வந்ததுதான் உலக மதங்கள். ஏக தெய்வக் கொள்கை, மறுபிறப்பு, ஜென்மப் பாவம், நிர்வாணம், நோன்பு, பலி, நேர்ச்சை என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் சொல்ல வேண்டும். எரியோட்டிலிருந்தும் ரெட்டியார்சத்திரத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கிய பையன்களுக்கு விளக்கத்தில் அக்கறை இல்லை; விளக்குகிறவன் எந்த மதம் என்று கண்டுபிடிப்பதில்தான் அக்கறை. ஜென்மப் பாவத்துக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகச் செலவழித்தால் கடைசி பெஞ்சு என் சட்டைக் காலருக்குள் சிலுவைச் சங்கிலியைத் தேடும். நிர்வாணத்தைக் கொஞ்சம் உருக்கமாகச் சொல்லிவிட்டால், மறுநாள் தலையில் முடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சம்பளத்துக்காக எல்லாக் கடவுள்களைப் பற்றியும் நல்லதாகப் பேசுகிறவனை எந்தக் கடவுளின் ஆளும் நம்புவதில்லை என்பதுதான் அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

வீட்டுக்காரருக்கு சைக்கிள் கடை. மாலையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டங்களில் பேசுவார். நன்றாகப் பேசுவார். எனக்குச் சாப்பாடும் அவர்கள் வீட்டிலேயே என்பதால், மேடையில் விட்டுப்போனதைச் சோற்றுக்கு நடுவே கேட்கும் பாக்கியமும் கிடைத்தது. என் கொள்கையை ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். அவர் மோரை ஊற்றிப் பிசைந்தார்.

"இது பயந்தவன் நாத்திகம், தம்பி. வெயில்லயும் நிப்பேன், கையில குடையும் வச்சுக்குவேன்னு சொல்றது."

அவர் மனைவி அன்று எனக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கூடுதலாக வைத்தார்.

நான் அங்கே போவதற்கு முந்தைய வருஷம் அவருக்கு டைபாய்டு வந்து, பிழைப்பாரா என்பதே சந்தேகமாகிப் பிழைத்திருந்தார். பிழைத்ததற்கு டாக்டரின் ஊசிதான் காரணம் என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். அவர் மனைவி அப்போது வாயே திறக்கமாட்டார். அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு சந்தை நாளன்று, அய்யலூரிலிருந்து திரும்பிய லாரியிலிருந்து ஒரு கறுப்புக் கிடாய் எங்கள் வாசலில் இறக்கப்பட்டது. அந்த அம்மாள் அதைப் பின்கட்டில் கட்டி அகத்திக்கீரை போட்டார். வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து பார்த்தார்.

"இது எதுக்கு?"

"வளக்கத்தான்."

"கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு கோழிக்குஞ்சு வளத்திருக்கியா நீ? இப்ப என்ன கிடா மேல பாசம்?"

"வாயில்லா சீவன். கிடந்துட்டுப் போகுது."

அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆடுகூட நம்பவில்லை என்றுதான் தோன்றியது. அந்தக் கீரையை அது அப்படி ஒரு யோசனையோடு தின்றது.

மறுநாள் அவர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். "நேந்து விட்ட ஆடுன்னா காதுல வெட்டு இருக்கும். பாருங்க தம்பி. மதத்துக்கெல்லாம் நீங்கதான வாத்தியாரு."

பார்த்தேன். காதில் வெட்டு இல்லை. கொம்பில் மஞ்சள் இல்லை. கழுத்தில் கயிறு தவிர வேறொன்றும் இல்லை. மேலோட்டமான பரிசோதனையில் அது மதச்சார்பற்ற ஆடு என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சந்தேகம் முழுக்க மாரியம்மன் மேல். ஆடி பிறக்கப் போகிறது, எல்லா அம்மன் கோயிலிலும் கிடாவெட்டு, தனக்குத் தெரியாமல் தன் பெயரில் ஒரு பொங்கல் நடக்கப் போகிறது என்பது அவர் கணக்கு. ஆனாலும் பகுத்தறிவு என்றால் எல்லாப் பக்கமும் விசாரிக்க வேண்டுமல்லவா? அதற்காக என்னையும் இழுத்துக்கொண்டு தோல் மண்டி பாயிடம் போனார். பாய் அவருக்குப் பழைய சிநேகிதர்.

"நம்ம தர்காவுக்கு நேந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? ஃபாத்திஹா ஓதணும், ஓத ஆளுக்குச் சொல்லணும். உங்க வீட்டம்மா போன வருசம் சர்க்கரை கொண்டாந்து ஓதிட்டுப் போனதோட சரி" என்றார் பாய்.

"சர்க்கரை ஓதுனாளா? எப்ப?"

பாய்க்கு நாக்கைக் கடித்துக்கொள்ள நேரமில்லாமல் போய்விட்டது. சமாளித்தார். "அத விடுங்க. ஆடு எந்தச் சாமிக்குப் போனா என்ன? கடைசியில தோலு எங்கிட்டதான வருது!"

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் விரல் மடக்கினார். தர்கா இல்லை. மிச்சம் மாரியம்மன், கருப்பசாமி. "இந்த சர்ச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன்: கிறிஸ்தவத்தில் விலங்குப் பலி கிடையாது, இயேசுவின் மரணமே கடைசிப் பலி என்பது அவர்கள் நம்பிக்கை, அதன் நினைவாகத்தான் பூசையில் அப்பமும் திராட்சை ரசமும். இரண்டு வரி விளக்கம், எழுதினால் முழு மார்க்கு. அவர் நிம்மதியாக ஒரு விரலை நிமிர்த்திவிட்டார்.

அந்த வாரமே அந்த அம்மாள் என்னைப் பின்கட்டில் பிடித்தார். வீட்டுக்காரர் கடையில் இருந்தார்.

"சார், ஆட்டப் பத்தி அவுக உங்ககிட்ட என்ன கேட்டாக?"

சொன்னேன். அவர் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது அவர் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார், தர்காவுக்குச் சர்க்கரை நேர்ந்துகொண்டார், பக்கத்துத் தெருச் சிநேகிதியோடு மாதா கோயிலுக்குப் போய் அங்கிருந்த புனிதரிடமும் அழுதார். எந்த மருந்து வேலை செய்தது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

"எது வேல செஞ்சுச்சுன்னு தெரியாதுல்ல. அதான் எல்லாருக்கும் செஞ்சிரணும்" என்றார்.

மாவிளக்கும் சர்க்கரையும் கணவருக்குத் தெரியாமல் முடிந்துவிட்டன. சிக்கல் மூன்றாவதில். அந்தக் கோயில் திருவிழாவில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் ஆடு, கோழி, அரிசி, கத்தரிக்காய் என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் ஒரே அண்டாவில் வேகும். கிடாய் கொடுக்கிறேன் என்று மட்டும் நேர்ந்திருக்கலாம்.

"அழுகையில வாய் கொஞ்சம் நீண்டுபோச்சு சார். ‘அவுகளே எந்திரிச்சு வந்து, உன் வாசல்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிடுவாக’ன்னு சொல்லிப்புட்டேன். மறுநா விடியக்காலம் காய்ச்ச எறங்கிருச்சு."

போன வருஷம் திருவிழா வந்தபோது அவர் எழுந்து நடக்கவே இல்லை. இந்த வருஷம் ஆடியில் திருவிழா. இடையில் சித்திரையில் அவருக்கு நான்கு நாள் மறுபடி உடம்பு சுட்டது. டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்றார். அந்த அம்மாளுக்கு அது சாதாரணமாகத் தெரியவில்லை. புனிதர் ஞாபகப்படுத்துகிறார் என்று பட்டது. பேசும்போது அவர் கை ஆட்டின் முதுகிலேயே நின்றுவிட்டது. வகுப்பில் நேர்ச்சை என்பதற்கு நான் சொல்லும் விளக்கத்தில் பயம் என்ற சொல்லே வராது.

"அவுககிட்டச் சொல்லிராதீக" என்றார். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அறியொணாவாதிக்குக் கைவந்த கலை.

ஆடி பிறந்தது. வீட்டுக்காரர் போர்க்கால நடவடிக்கையில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தால் என் தட்டையும் தன் தட்டையும் மாற்றிக்கொண்டார். முன்னாளில் ராஜாக்களுக்கு முன்னால் சாப்பிட்டுப் பார்ப்பவன் இருப்பானாம். அவனுக்காவது சம்பளம் உண்டு. "ஆடு பின்கட்டுலதான் நிக்குது, கத்துறது கேக்கலையா?" என்று அந்த அம்மாள் சொன்னால், "இது வேற ஆடா இருக்கலாம்ல? கோயில்லருந்து யாராச்சும் குடுத்துவிட்டிருக்கலாம்ல?" என்பார். தெருவில் தினம் ஒரு வீட்டில் பொங்கல், தினம் ஒரு வீட்டிலிருந்து தூக்குவாளி. ஒரே வாரத்தில் கறி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். வெளியிலும் நிறுத்திவிட்டார், மிலிட்டரி ஓட்டல்காரருக்கும் பெண்டாட்டி இருக்கிறாள், அவளுக்கும் அம்மன் இருக்கிறாள் என்று காரணம் சொன்னார்.

அங்கேதான் புதிய சந்தேகம் முளைத்தது. அவருடைய தோழர்களுக்குள் ஒருவர் டெய்லர். குரல் பெரிது, மைக் இல்லாத கூட்டங்களில் அவர்தான் முதலில் பேசுவார். கூட்டம் முடிந்து எல்லாரும் மிலிட்டரி ஓட்டலுக்குப் போவது வழக்கம். வீட்டுக்காரர் அங்கே மூன்று வாரமாக வெறும் தோசை சாப்பிட்டிருக்கிறார். ஆடி மாதத்தில், ஊரே காப்புக் கட்டி விரதம் இருக்கும் மாதத்தில், கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் தோசை சாப்பிடுகிறார்! டெய்லர் என்னைக் கல்லூரி வாசலில் மடக்கினார்.

"ஏன் தம்பி, ஒரு ஆளு கறிய விட்டுட்டா அவன் எந்த மதம்?"

எதற்கென்று புரியாமல் வாத்தியார் புத்தியில் விளக்கினேன். அது எந்த நாள் விடுகிறான் என்பதைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை மட்டும் விட்டால் கத்தோலிக்கராக இருக்கலாம். சனிக்கிழமை விட்டால் பெருமாள் பக்தர். ஆடியில் விட்டால் மாரியம்மன். என்றைக்குமே தொடாவிட்டால் சமணர்.

டெய்லரின் முகம் வெளிறியது. "எல்லா நாளும்தான் விட்டுருக்காரு. அப்ப எல்லாத்துலயும் சேந்துட்டாரா?"

அடுத்த மாதம் வைப்பதாக இருந்த கூட்டத்தில் வீட்டுக்காரர்தான் முக்கியப் பேச்சாளர். அவரை மாற்ற வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. மஞ்சள் துணியில் காப்புக் கட்டி முழுக்கைச் சட்டைக்குள் மறைத்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னாராம். ஒரு தோழர் கை குலுக்கும் சாக்கில் மணிக்கட்டைத் தடவிப் பார்த்ததாக வீட்டுக்காரரே என்னிடம் வந்து பொருமினார்.

"இம்புட்டு வருசம் பேசியிருக்கேன். என் கையத் தடவிப் பாக்குறானுக, தம்பி!"

திருவிழா நாள் வந்தது. காலையில் பின்கட்டில் ஆடு இல்லை.

"ஆடு எங்க?"

"அவுத்துக்கிட்டு ஓடிருச்சு."

"கயிறும் சேந்து ஓடிருச்சாக்கும்?"

அந்த அம்மாள் சிநேகிதி வீட்டில் வேலை இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "நான் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டேன். மிச்சத்துக்கு என்ன செய்யப் போறேன்னு தெரியல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வீட்டுக்காரருக்கு உறுதியாகிவிட்டது: இன்றைக்கு ஏதோ ஓர் அம்மன் கோயிலில் கிடாய் விழுந்துவிட்டது, சாயங்காலம் அது குழம்பாகத் தன் வீட்டுக்கு வரும். இன்று வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கப்போவதில்லை என்றார்.

மூன்று மணி வாக்கில் டெய்லர் நான்கு தோழர்களோடு வந்து நின்றார்.

"அண்ணே, கெளம்புங்க. சர்ச்சு விருந்துக்குப் போறோம்."

"நமக்கு அங்க என்ன வேல?"

"என்ன அண்ணே இப்படிக் கேக்குறீக? எல்லாச் சாதிக்காரனும் ஒரே தரையில உக்காந்து, ஒரே அண்டாச் சோத்தத் திங்கிறான். நம்ம மேடையில கத்துறத அவுக எலை போட்டுச் செய்றாக. சாமி அவுகளுக்கு இருக்கட்டும், சமபந்தி நமக்கு. உக்காந்து கறி தின்னுட்டு வருவோம். நமக்குத்தான் தீட்டும் கெடையாது, புனிதமும் கெடையாதுல்ல?" கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, டெய்லர் துணி அளக்கிற கண்ணால் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

இது பரிட்சை என்று வீட்டுக்காரருக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொன்னது சரிதான? அங்க பலி கிலி ஒண்ணும் இல்லையே?"

"கிறிஸ்தவத்தில் விலங்குப் பலி கிடையாது" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இன்று வரை அந்த வரியில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். கோயில் முன்னால் இருந்த பொட்டலில் வரிசை வரிசையாக ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விபூதி பூசியவர்கள், தொப்பி போட்டவர்கள், சிலுவை தொங்குகிறவர்கள், இப்போது ஐந்தாறு கறுப்புச் சட்டைகளும். எந்த மதத்துக்காரரும் பக்கத்து இலைக்காரரை என்ன மதம் என்று கேட்கவில்லை; கறி எத்தனை துண்டு விழுந்தது என்பதைத்தான் கவனமாகப் பார்த்தார்கள். எங்கள் முன்னால் இலை விழுந்தது, சோறு விழுந்தது, அதன் மேல் குழம்பு. வீட்டுக்காரர் மூன்று வாரப் பசியோடு சோற்றைப் பிசைந்தார். அப்போது தலை நிமிர்ந்தார்.

எதிரே, அண்டாக்களுக்குப் பக்கத்தில், வெங்காயத் தோல் குவியலுக்கு நடுவே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். இவர் உட்கார்ந்த நேரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததற்கு எந்த மதத்திலும் கலைச்சொல் இல்லை.

ஆடு எந்தச் சாமிக்கு என்று புரிந்துபோய், பிசைந்த கை நின்றுவிட்டது. எழுந்துவிட்டால் நேர்ச்சை பலிக்கும் என்று நம்புவதாக ஆகிவிடும், தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்டால் அவர் மனைவி புனிதரிடம் சொன்னது சொன்னபடி நடந்ததாக ஆகிவிடும், அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடவுள் இல்லை என்பதை நிரூபிக்கவும் நேர்ச்சையை நிறைவேற்றவும் அந்த இலையில் இருந்தது ஒரே கவளம்தான்.

"என்ன அண்ணே, கை நின்னுபோச்சு?" என்றார் டெய்லர். மற்ற தோழர்களும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"உப்புப் பாக்குறேன்ப்பா."

"வாயில வைக்காமயா?"

வீட்டுக்காரர் வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். எதிரே அந்த அம்மாள் சுருட்டிய முந்தானையை விட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாகவும் இருக்கலாம்.

அதோடு முடித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் இலையைச் சுத்தமாக வழித்தார். பிறகு வாளியோடு போன பையனைக் கூப்பிட்டார்: "ஏலே, இந்தப் பக்கம் வா. இன்னும் ரெண்டு துண்டு போடு." டெய்லர் கை தட்டாத குறை. கூட்டத்தில் யார் முக்கியப் பேச்சாளர் என்ற விவகாரம் அங்கேயே தீர்ந்தது.

திரும்பும்போது வீட்டுக்காரர் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"டெய்லருக்கும் தெரியுமா?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டு வந்தேன். ஏனென்றால், வெங்காயத் தோல் குவியலுக்கு அந்தப் பக்கம், அந்த அம்மாளுக்கு முழங்கை தூரத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தது டெய்லரின் மனைவி. தெரியாது என்று சொன்னேன். எனக்கு உறுதியாகத் தெரியாது என்பதால் அதுவும் உண்மைதான். அவர் நம்பவில்லை.

அன்று வீட்டில் சமையல் இல்லை. விளக்கு வைத்த நேரத்தில் அந்த அம்மாள் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். டெய்லருக்கு அந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டேன்.

"ஆம்பளைக கட்சி விசயம் எனக்கென்ன சார் தெரியும்?" என்றார். போகாமல் நின்றார். முகத்தில் நிம்மதி இருந்தது. ஆனால் முழுசாக இல்லை. "சார், நீங்க படிச்சவுக. நம்பிக்கையே இல்லாம, வீம்புக்குச் சாப்பிட்டா அது சேருமா?"

இரண்டு கருத்து உண்டு என்று ஆரம்பித்தேன். சடங்கு முறைப்படி நடந்துவிட்டால் போதும், மனநிலை முக்கியமில்லை என்று ஒரு பக்கம் சொல்வார்கள். நிய்யத்து, அதாவது எண்ணம், அதுதான் முக்கியம், செயல் அதற்கப்புறம் என்று பாய் பக்கத்தில் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் நேர்ந்துகொண்டவரின் எண்ணமா, சாப்பிட்டவரின் எண்ணமா என்று ஒரு கேள்வி எழுகிறது. அதற்கு...

அவர் என்னை முடிக்க விடவில்லை. தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"வீம்புக்குச் சாப்பிடுறவுக ஒரு வாயோட எந்திரிச்சிருப்பாக. இவுக ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டாக. நான் பாத்தேன்."

உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "கறி நல்லா வெந்திருந்துச்சு. அதுக்குத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் கெடையாது."

அந்த அம்மாள் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. "வேகாம இருக்குமா? யாரு வாசல்ல வெந்துச்சு?" என்றார்.